பொணந்தூக்கிப் பூச்சி

“தாயி, எனக்கு மட்டும் ஏன் ஆறவே மாட்டேங்குது?”

அய்யங்காளை கேட்டார். அவர் கையில் காலிக் குடம் இருந்தது.

தாயி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“இன்னைக்கு வாங்கினது எத்தனாவது கன்னுண்ணே?”

“மூணாவது.”

“ம்.”

அடுத்த கொத்தைக் கையில் எடுத்தாள்.

மலை அடிவாரத்தில் ஒரு ஓட்டுக் கொட்டகை. அதைச் சுற்றி மரங்கள். யாரையாவது பறிகொடுத்தவர்கள் அங்கே வருவார்கள். வருகிறவருக்கு ஒரு மரக்கன்று, ஒரு குடம். ஊற்று மேலே இருக்கிறது, கன்று கீழே. நாற்பத்தெட்டு நாள் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும்.

அதுவரைக்கும் செத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது. யாரும் யாரையும் கேட்கவும் கூடாது. அதுதான் அங்கே வழக்கம்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டும்.

அய்யங்காளை இரண்டு தடவை நாற்பத்தெட்டு முடித்தார். இரண்டு தடவையும் பெயர் சொல்லவில்லை. இன்னொரு கன்று கேட்டார்.

“விட்டா இவரு தோப்பே போட்டுருவாரு போல,” என்றாள் சோலையம்மா. அவளும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள்தான். சமைக்க ஆளில்லையே என்று தங்கிவிட்டாள்.

தாயி சிரித்தாள். கொட்டகையை நடத்துகிற அவளுக்கு முப்பத்தாறு வயது. முன்பு ரைஸ்மில்லில் நெல் காயப்போட்டவள். இப்போதும் அந்தப் பழைய நூல் சேலைதான் கட்டுவாள். அய்யங்காளைக்கு ஐம்பது முடிந்துவிட்டது. அவர் அவளைக் குருவாக நினைத்துக் கும்பிடுவார். அவள் அவரை அண்ணே என்று கூப்பிடுவாள்.

“வாங்கண்ணே, ஒண்ணு காட்டுறேன்.”

புளியமரத்தடிக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு பாறை. பாறை ஓரமாக எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தாயி கீரைக்குச்சியால் ஓர் இடத்தைக் காட்டினாள்.

“அது என்ன?”

“குப்பை, தாயி.”

“நல்லாப் பாருங்க.”

அய்யங்காளை குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

குப்பை நடந்தது.

மொச்சைப் பருப்பு அளவுதான் இருக்கும். உடம்பு பூராவும் புழுதி. முதுகின் மேல் செத்த எறும்புகளின் வெற்றுக்கூடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, விறகுக்கட்டு மாதிரி. அடியில் கால்கள் மட்டும் லேசாகத் தெரிந்தன.

ஓர் எறும்பு வந்தது. மீசையால் தடவிப் பார்த்தது. தன் வீட்டு வாசனைதான் அடித்திருக்க வேண்டும். நிதானமாகத் தாண்டிப் போனது.

இன்னொன்று வந்தது. அதுவும் தடவியது. கொஞ்சம் நின்றது.

புழுதிக்குள்ளிருந்து வளைந்த ஊசி மாதிரி ஒரு வாய் நீண்டது. ஒரே குத்து. எறும்பின் கால்கள் காற்றில் உதறின. அப்புறம் உதறவில்லை.

பூச்சி வெகுநேரம் உறிஞ்சியது. உறிஞ்சி முடித்து, வெறும் கூட்டைப் பின்னங்காலால் தள்ளித் தன் முதுகில் ஏற்றிக்கொண்டது.

“தன் சனம்னு நினைச்சுத்தான் கிட்ட வருதுக,” என்றாள் தாயி.

அய்யங்காளை பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்தார்.

“எதுக்குண்ணே கல்லு?”

“நசுக்கிரட்டுமா? ஏமாத்துது தாயி.”

“அதுக்குப் பசி. கல்லைக் கீழ போடுங்க.”

போட்டார்.

“இது எப்ப சுமையை இறக்கி வைக்குதுன்னு பாத்து எனக்கு வந்து சொல்லுங்க. அன்னைக்கு உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன்.”

அய்யங்காளையைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு.

அவர் யாரையும் பறிகொடுக்கவில்லை.

மலையிலிருந்து சந்தைக்கு சௌசௌ ஏற்றிப் போகிற லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் விடிகிற நேரம், பனிமூட்டம், ஒரு வளைவு. எதிரே பால்கேன் கட்டிய சைக்கிள் வந்ததை அவர் பார்க்கவில்லை.

இறங்கி ஓடினார். அந்த ஆளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு இருந்தது. அப்போது மேலே வேறொரு வண்டியின் வெளிச்சம் தெரிந்தது. தலையை மண்ணில் இறக்கி வைத்தார். வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சைக்கிள் பெல் ஒன்று உருண்டு வந்து அவர் காலடியில் கிடந்தது. அதை ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. அதை ஒரு துண்டில் முடிந்து வைத்திருந்தார்.

வேனை முதலாளியிடம் விட்டுவிட்டு எங்கெங்கோ சுற்றினார். ஒருநாள் அழுதுகொண்டே நடந்த ஒரு கூட்டத்தின் பின்னால் நடந்து, இந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். குடத்தைக் கொடுத்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த முடிச்சைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “பெத்த புள்ளையோட சட்டையா இருக்கும், பாவம்,” என்று சோலையம்மா சொன்னாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களை அவரிடம் அனுப்புவாள். “அவருகிட்டப் போயி உக்காருங்க. வலி தெரிஞ்ச மனுசன்.”

வருகிறவர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுவார்கள். அவரும் அழுவார். அழுகையில் பொய் இல்லை. அந்த நேரம் மட்டும் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

மூன்றாவது கன்று வாங்கிய அன்று மத்தியானம் ஒரு பெண் வந்தாள். பஞ்சவர்ணம் என்று பெயர். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் பெண் குழந்தை, இப்போதுதான் நடக்கப் பழகுகிற வயது.

குடத்தை வாங்கினாள். சோலையம்மா அவளையும் அவரிடம் அனுப்பினாள்.

குழந்தை இறங்கித் தத்தக்கா பித்தக்கா என்று வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

“யாருகிட்டயும் போகமாட்டாய்யா இவ. உங்ககிட்ட வந்துட்டா,” என்றாள் பஞ்சவர்ணம்.

பிறகு திட்ட ஆரம்பித்தாள்.

“பனி அடிக்குது, வெளிச்சம் வரட்டும், அப்புறம் போலாம்னேன். கேட்டாரா அந்த மனுசன்? பால் நேரத்துக்குப் போகலைன்னா டீக்கடைக்காரன் ஏசுவானாம். இப்ப யாரு ஏசுறா? நான்தான் ஏசிக்கிட்டுக் கெடக்கேன். என் வாயில விழணும்னே போயிட்டாரு.”

குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்த அய்யங்காளையின் கை அப்படியே நின்றது.

“பால்கேன் வந்துச்சு. சைக்கிளும் நெளிஞ்சு போயி வந்துச்சு. பெல்லு மட்டும் வரலை. அது வெடிச்ச பெல்லுய்யா. கணகணன்னு அடிக்காது. டொக்கு டொக்குன்னுதான் கேக்கும். அதைக் கேட்டுத்தான் பாப்பா முழிக்கும்.”

அவர் முடிச்சை மெதுவாக முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

“வேற ஒண்ணும் எனக்குத் தெரிய வேணாம்யா. இடிச்சவன் நல்லா இருக்கானா நாசமாப் போனானா, அதுகூட வேணாம். தனியாவா கெடந்தாரு? அது ஒண்ணுதான். பனியில யாரு கண்ணுக்கும் தெரியாம, பொழுது ஏறித்தான் பாத்திருக்காங்க. அதுவரைக்கும் தனியாவா கெடந்தாரு?”

அய்யங்காளை குழந்தையைப் பார்த்தபடி சொன்னார்.

“யாராச்சும் பக்கத்துல இருந்திருப்பாங்கம்மா.”

“எப்படிச் சொல்றீங்க?”

“மனசுக்குத் தோணுது.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள். சோலையம்மா அவருக்கும் ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினாள்.

“உங்க பேச்சுதான்யா அந்தப் புள்ளையச் சாப்பிட வச்சிருக்கு.”

அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

சாயங்காலம் தாயியிடம் போனார்.

“நான் கிளம்புறேன் தாயி.”

“பூச்சி இறக்கி வச்சிருச்சா?”

“இல்ல.”

“அப்பப் போய்ப் பாருங்க.”

தினமும் குடம் ஊற்றிவிட்டுப் பாறைக்குப் போனார். வெயில் ஏறினால் பூச்சி பாறை இடுக்குக்குள் போய்விடும். நிழல் விழுந்ததும் வெளியே வரும். ஒருநாள் சிலந்தி ஒன்று அதன் மேல் பாய்ந்தது. சிலந்திக்குக் கிடைத்தது ஒரு செத்த எறும்புதான். பூச்சி அடியில் நகர்ந்து போய்விட்டது.

“இன்னைக்குப் பொணந்தூக்கி என்ன பண்ணுச்சு?” என்று சோலையம்மா கேட்பாள். அவள் வைத்த பெயர்தான் அது.

“தின்னுச்சு. சுமந்துச்சு.”

“நம்மளை மாதிரித்தான்,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை ஊதுவாள்.

பஞ்சவர்ணம் தினமும் அவர் பக்கத்தில் உட்காருவாள். முதலில் ஐயா என்றவள் பிறகு பெரியப்பா என்றாள். குழந்தைக்கு அவர் தாத்தா. அவள் குடம் தூக்கும்போது குழந்தை அவர் தோளில் கிடந்து தூங்கும். தூக்கத்தில் அவர் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொள்ளும்.

அவள் தினமும் அந்த ஒரு கேள்வியைக் கேட்பாள். அவர் தினமும் அதே பதிலைச் சொல்வார்.

பதினைந்தாம் நாள் வேகமாக வந்தார்.

“இறக்கி வச்சிருச்சு தாயி. முதுகு பிளந்துச்சு. சுமையோட தோலை அப்படியே விட்டுட்டு வெளிய வந்துருச்சு. பச்சப்புள்ள மாதிரி வெளுத்துக் கெடக்கு.”

“நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

மறுநாள் மெதுவாக வந்தார்.

“பின்னங்காலால புழுதியை வாரி வாரிப் போட்டுக்கிச்சு. ரெண்டு எறும்பும் ஏத்திக்கிச்சு.”

“அப்ப இறக்கலை. சட்டை மாத்திக்கிச்சு.”

தாயி அவருடைய கன்றுகள் இருந்த பக்கம் பார்த்தாள். முதல் கன்று இடுப்பு உயரம். இரண்டாவது முழங்கால் உயரம். மூன்றாவதில் நாலு இலை.

அவரும் பார்த்தார்.

நாற்பத்து மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு கோழி இறகை எடுத்துப் போய்ப் பூச்சியின் முதுகைப் பெருக்கிவிட்டார். புழுதி போனது. கூடுகள் உதிர்ந்தன. பூச்சி வெறும் உடம்பாக நின்றது.

எறும்புகளுக்கு இப்போதுதான் அது யார் என்று தெரிந்தது. கூட்டமாக வந்து காலைக் கவ்வின.

அய்யங்காளை பதறிப்போய் அதைக் கையில் எடுத்தார். அது அவர் விரலில் குத்தியது.

கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி எரிந்தது. பூச்சி தாவி விழுந்து பாறை இடுக்கில் நுழைந்தது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

தாயி சுண்ணாம்பு தடவினாள்.

“அடுத்தவங்க இறக்கிவிட்டா அது குத்தத்தான் செய்யும். அதான் நானும் உங்களை ஒண்ணும் கேக்கலை.”

அய்யங்காளை அவள் முகத்தைப் பார்த்தார். அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா தாயி?”

“பறிகொடுத்தவங்க செத்தவங்களைத் திட்டுவாங்கண்ணே. சொன்னாக் கேட்டியா, என்னை விட்டுட்டுப் போனியேன்னு திட்டாத ஆளை நான் பாத்ததில்ல. நீங்க இத்தனை மாசத்துல ஒருக்காக்கூடத் திட்டலை. இந்தப் புள்ள வந்த அன்னைக்கே கிளம்புறேன்னு வேற வந்து நின்னீங்க.”

சோலையம்மா உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

“ஸ்டேசன்ல போயி எல்லாத்தையும் சொல்லிரட்டுமா தாயி?”

“சொல்லத்தான் வேணும். ஆனா ஸ்டேசன்ல இருக்கிறவங்க உங்களைப் பெரியப்பான்னு கூப்பிடலையே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்கு அந்த ஆளு பேருகூடத் தெரியாது தாயி. ரெண்டு தடவையும் அதான் சொல்லலை. எந்தப் பேரைச் சொல்லுவேன்?”

“இன்னும் அஞ்சு நாள்ல தெரிஞ்சுரும்.”

நாற்பத்தேழாம் நாள் விடிந்ததும் போய்ப் பார்த்தார்.

பூச்சி புளியமரத்தில் முழங்கை உயரம் ஏறியிருந்தது. பட்டையைக் கவ்விக்கொண்டு நின்றது. முதுகில் மறுபடியும் சுமை இருந்தது. நாலே நாளில் சேர்த்தது.

முதுகு பிளந்தது.

கழுத்து சிக்கிய சட்டைக்குள்ளிருந்து குழந்தை தலையை இழுக்குமே, அப்படி இழுத்து இழுத்து வெளியே வந்தது. இளஞ்சிவப்பாக, ஈரமாக. இந்தத் தடவை முதுகில் கசங்கின துணி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

இறக்கை.

அவர் தாயியிடம் போய்ச் சொல்லவில்லை. மறுநாள் பார்த்துவிட்டுத்தான் அவள் சொல்லச் சொல்வாள் என்று தெரியும்.

மறுநாள் காலையில் பூச்சி பாறையில் இருந்தது. நல்ல கறுப்பு. முதுகில் மஞ்சள் பொட்டுகள். பக்கத்திலேயே புழுதி கிடந்தது. செத்த எறும்புகளின் கூடுகள் கிடந்தன. அவர் காத்திருந்தார்.

அது ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. திறந்த வெளியில், எல்லோரும் பார்க்க, பாறையின் நடுவே நடந்து போனது. எறும்புகள் அதைக் கண்டு ஒதுங்கி நின்றன.

மரத்தில் பழைய தோல் சுமையோடு தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் ஆடியது. உள்ளே ஒன்றும் இல்லை.

அய்யங்காளை கொட்டகைக்கு வந்தார். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சவர்ணம் தலை குளித்திருந்தாள். குழந்தை அவரைப் பார்த்ததும் கையை நீட்டியது. அவர் தூக்கவில்லை.

“தாயி.”

“சொல்லுங்கண்ணே.”

“எதையும் ஏத்திக்கலை.”

“அப்ப உக்காருங்க. முதல்ல இந்தப் புள்ள சொல்லட்டும்.”

பஞ்சவர்ணம் எழுந்தாள். குழந்தையை இறக்கிவிட்டாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“கோட்டைச்சாமி.”

குரல் நடுங்கவில்லை. சோலையம்மாதான் மூக்கைச் சிந்தினாள்.

தாயி அய்யங்காளை பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, உங்களுக்கும் இன்னைக்குத்தான் நாப்பத்தெட்டு.”

அய்யங்காளை எழுந்தார். துண்டு முடிச்சை எடுத்தார். குத்துப்பட்ட விரல் மடங்கவில்லை, அவிழ்க்க நேரம் ஆனது.

“கோட்டைச்சாமி,” என்றார்.

“அட, ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?” என்றாள் சோலையம்மா.

“ஒரே ஆளு,” என்றார் அவர்.

துண்டு விரிந்தது. பெல் தரையில் இருந்தது.

யாரும் அசையவில்லை. குழந்தை மட்டும் நடந்து வந்து உட்கார்ந்தது. பெல்லின் பித்தானை இரண்டு கட்டை விரலாலும் அழுத்தியது.

டொக்கு.

பஞ்சவர்ணம் சட்டென்று பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாதையில் யாரும் இல்லை.

பிறகு அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கும்பிடவில்லை. காலில் விழவில்லை. அழவும் இல்லை.

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெல் குழந்தை கையில் இருந்தது. ஓர் எட்டு முன்னால் வந்தாள். பெரியப்பா என்று சொல்லவில்லை. ஐயா என்றும் சொல்லவில்லை.

“தனியாவா கெடந்தாரு?”

“கொஞ்ச நேரம் நான் இருந்தேன்,” என்றார் அய்யங்காளை. “அப்புறம் தனியாத்தான்.”